கடவுள் மேல் நமக்கு இருப்பது பழக்கமா, பித்தா?

கமலாலயக்கரை (இழையைத் தொடங்கியவர்)

ஒருவருக்கு எதன் மேல் உண்மையான ஈடுபாடு என்று தெரிந்துகொள்ள, அதைப் பற்றிப் பேச்சு வந்ததும் அவர் குரல் மாறுகிறதா என்று கவனித்தால் போதும். எங்கள் அலுவலகத்தில் ஒருவர் பந்தயப் புறா வளர்க்கிறார். எந்த ஜோடிக்கு எந்தக் குஞ்சு, எது எந்த ஊரில் பறக்கவிட்டுத் திரும்பியது, எது மழையில் வழி தப்பியது, எல்லாம் அவருக்கு மனப்பாடம். இன்னொருவர் பாரம்பரிய நெல் விதை சேர்க்கிறவர். மாப்பிள்ளைச் சம்பா, காட்டுயானம், கருப்புக் கவுனி என்று ஆரம்பித்தால் சாப்பாட்டு நேரம் முடிந்துபோகும். இருவரும் சாமி கும்பிடுகிறவர்கள்தான். ஆனால் சாமியைப் பற்றிக் கேட்டால் அட்டவணைதான் வருகிறது. செவ்வாய்க்கிழமை முருகன், சனிக்கிழமை ஆஞ்சநேயர், வருஷத்துக்கு ஒருமுறை குலதெய்வம். குரலில் ஒரு மாற்றமும் இல்லை.

நான் திருவாரூர்க்காரன். சுந்தரர் கதை கேட்டு வளர்ந்தவன். மணப்பந்தலில் உட்கார்ந்திருந்தவரை ஒரு கிழவர் வந்து, "நீ எனக்கு அடிமை, ஓலை இருக்கிறது" என்று வழக்காடித் திருவெண்ணெய்நல்லூருக்கு இழுத்துக்கொண்டு போனார். கல்யாணம் நின்றது. வந்தவர் யாரென்று தெரிந்த பிறகு சுந்தரர் பாடிய முதல் பாட்டின் முதல் சொல்லே "பித்தா". அதற்குப் பிறகு அவர் வாழ்க்கை முழுக்கச் சிவனோடு ஒரு தோழனுக்கு உள்ள உரிமையோடு போகிறது. பொன் கேட்கிறார். நெல் கேட்கிறார், கிடைத்த நெல்லைத் தூக்கிப் போக ஆளும் கேட்கிறார். மனைவி கோபித்துக்கொண்டால் சிவனையே தூது அனுப்புகிறார்.

புறா வளர்க்கிறவருக்குப் புறா மேல் இருக்கிற மாதிரி, கடவுள் மேல் உங்களில் யாருக்காவது இருக்கிறதா? பக்தி இருக்கிறதா என்று கேட்கவில்லை. கோபப்படவும், கேட்கவும், விட்டுவிட்டுப் போக முடியாமல் திரும்பி வரவும் வைக்கிற உறவு இருக்கிறதா? எந்த மதத்தவரும் எழுதலாம், மதம் இல்லாதவர்களும் எழுதலாம்.

பாளை_மேரி

நல்ல இழை. எங்கள் சபைகளில் இதைப் பற்றிப் பேசாத வாரமே இல்லை. "முதல் அன்பை விட்டுட்டீங்களா", "அனல் குறைஞ்சு போச்சா", "வெதுவெதுப்பா இருக்காதீங்க". வெளிப்படுத்தின விசேஷத்தில் எபேசு சபைக்கும் லவோதிக்கேயா சபைக்கும் சொன்ன வார்த்தைகள் இவை. மூன்று நாள் கன்வென்ஷன் கூட்டம் நடக்கும். கடைசி நாள் ராத்திரி எல்லாரும் அழுவோம், ஒப்புக்கொடுப்போம். அடுத்த வாரம் வீட்டில் பால் பொங்கி வழியும்போது அந்த அனல் எங்கே போனது என்று தெரியாது. அப்போது வருகிற குற்ற உணர்ச்சி பெரிது. நான் தேவனை நேசிக்கவே இல்லையோ என்று நினைத்துவிடுவோம்.

எனக்குத் துணையாக நின்றது சங்கீத புஸ்தகம். அதைத் துதிப் புஸ்தகம் என்றுதான் சொல்லித் தருகிறார்கள். உட்கார்ந்து வாசித்தால் முறையீடுதான் நிறைய இருக்கிறது. 13ஆம் சங்கீதம், "கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்" என்று ஆரம்பிக்கிறது. 88ஆம் சங்கீதம் இருட்டிலேயே முடிகிறது, கடைசி வசனத்தில்கூட ஆறுதல் இல்லை. இதையெல்லாம் ஜெபமாக ஏற்றுக்கொள்கிற தேவனிடம் பாசாங்கு பண்ண வேண்டியதில்லை என்று புரிந்த பிறகு என் ஜெபம் மாறிவிட்டது. நீங்கள் சொல்கிற சுந்தரர் எனக்கு அந்நியராகத் தெரியவில்லை.

மைப்படி

எனக்குக் கடவுள் நம்பிக்கை இல்லை. என் ஈடுபாடு கல்வெட்டு. ஞாயிற்றுக்கிழமை எங்காவது இடிந்த கோயிலின் அடித்தளமான அதிட்டானத்தின் முன்னால் உட்கார்ந்திருப்பேன். கல்லைத் தேய்த்துக் கழுவி, நனைத்த தாளை ஒட்டி, எழுத்துப் பள்ளத்துக்குள் தாள் இறங்கும்வரை தூரிகையால் தட்டி, பாதி காய்ந்ததும் மை ஒற்ற வேண்டும். கறுப்பில் வெள்ளையாக எழுத்து எழும்பி வரும். ஆயிரம் வருஷத்துக்கு முன்னால் ஒருவர் சொன்னது அப்போது என் காதில் விழுகிறது. இழை தொடங்கியவர் சொன்ன குரல் மாற்றம் எனக்கு அங்கே வரும்.

என் கேள்வி இதுதான். கல் எனக்குப் பதில் சொல்கிறது. தப்பாகப் படித்தால் அடுத்த வரி பொருந்தாமல் போய் என்னைத் திருத்துகிறது. புறா திரும்பி வருகிறது, நெல் முளைக்கிறது. கடவுள் விஷயத்தில் பதில் எங்கிருந்து வருகிறது? ஒரு பக்கம் மட்டும் பேசுவதை உறவு என்று எப்படிச் சொல்கிறீர்கள்? சண்டைக்காகக் கேட்கவில்லை, உண்மையிலேயே தெரிந்துகொள்ள ஆசை.

வடபத்ரம்

மைப்படி அவர்களுக்கு முழுப் பதில் என்னிடம் இல்லை. ஆனால் உறவு என்றால் நாம் கேட்பதும் அவர் தருவதும் என்று மட்டுமே இங்கே எழுதப்படுகிறது. பெரியாழ்வாரிடம் அது தலைகீழ். மதுரையில் பாண்டியன் சபையில் பொற்கிழி வென்று யானை மேல் ஊர்வலம் வருகிறார். பெருமாள் கருடன் மேல் காட்சி தருகிறார். வேறு யாராக இருந்தாலும் வரம் கேட்டிருப்பார்கள். இவருக்கு வந்தது பயம். இத்தனை பேர் பார்க்கும்படி இவ்வளவு அழகாக வந்து நிற்கிறானே, கண் பட்டுவிடுமே என்று யானையின் மணியையே தாளமாக எடுத்துக்கொண்டு பல்லாண்டு பாடினார். காக்கிறவனுக்கே காப்பு. கோயில்களில் திவ்யப் பிரபந்தம் சேவிக்கும்போது இன்றைக்கும் முதலில் பல்லாண்டுதான்.

கண்ணனைக் குளிக்கக் கூப்பிடுவது, பூச்சூட்டுவது, தாலாட்டுவது என்று அவர் பாடியதெல்லாம் ஒரு தாய் செய்கிற வேலை. அவர் வளர்த்த பெண் ஆண்டாள், மனிதருக்கு என்று பேச்சு எழுந்தாலே உயிர் வாழமாட்டேன் என்றாள். ஒரே வீட்டில் தகப்பனாருக்கு அவன் குழந்தை, பெண்ணுக்கு மணாளன். எனக்கு வயது எழுபதைத் தாண்டிவிட்டது. சின்ன வயதில் ஆண்டாள் பாசுரம் பிடித்தது, இப்போது பெரியாழ்வார்தான் மனசுக்குப் பக்கத்தில் இருக்கிறார். பதில் வருகிறதா என்று குழந்தையிடம் யாரும் கணக்குப் பார்ப்பதில்லை, தம்பி.

நாகூர்க்காற்று

அஸ்ஸலாமு அலைக்கும். எல்லாரும் எழுதுவதை ஆசையோடு படிக்கிறேன். ஒரு இடத்தில் மட்டும் மாறுபடுகிறேன்.

அல்லாஹ்விடம் கோபப்படுவது உறவின் ஆழத்துக்கு அடையாளம் என்பதை என்னால் ஏற்க முடியவில்லை. எங்களுக்கு அதபு, அதாவது இறைவன் முன் காட்டும் மரியாதை, முக்கியம். அன்பு கூடக்கூட அடக்கமும் கூட வேண்டும். ஆனால் அடக்கம் என்றால் வாயை மூடிக்கொண்டிருப்பது என்று அர்த்தம் இல்லை. மகனைப் பறிகொடுத்த யஃகூபு நபி அழுது அழுது கண் பூத்துப் போனார்கள். வீட்டார் குறை சொன்னபோது, என் துக்கத்தையும் கவலையையும் அல்லாஹ்விடம்தான் முறையிடுகிறேன் என்றார்கள். குர்ஆனில் யூசுஃப் அத்தியாயத்தில் வருகிறது. அவனைப் பற்றி மற்றவர்களிடம் முறையிடவில்லை, அவனிடமே முறையிட்டார்கள். எனக்கு இந்த வித்தியாசம் போதும்.

இஷ்க், அதாவது இறைக்காதல், என்று வந்தால் நம் தமிழிலேயே குணங்குடி மஸ்தான் சாகிபு இருக்கிறார். குணங்குடியில் பிறந்து, துறவு பூண்டு, கடைசியில் சென்னை ராயபுரத்தில் தங்கி அடங்கியவர். இறைவனை மனோன்மணி என்ற காதலியாக நிறுத்தி உருகி உருகிப் பாடினார். அவர் மேல் நான்மணிமாலை பாடியவர் திருத்தணிகைச் சரவணப்பெருமாள் ஐயர். அந்தக் காலத்து ராயபுரத்தில் ஒரு சூஃபியின் உருக்கம் ஒரு சைவப் புலவருக்குத் தெளிவாகப் புரிந்திருக்கிறது.

உழவாரம்

என் அனுபவம் கொஞ்சம் வேறு. எனக்குப் பாட்டும் வராது, கண்ணீரும் வராது. நண்பர்களோடு மாதம் ஒரு கோயிலுக்கு உழவாரப்பணிக்குப் போவோம். மதிலில் முளைத்த அரசங்கன்றைப் பிடுங்குவது, விளக்கில் படிந்த எண்ணெய்ப் பிசுக்கைச் சுரண்டுவது, பிராகாரத்தில் நெருஞ்சி வெட்டுவது. பணி முடிந்து கை காய்த்துப்போய் உட்காரும்போது, உள்ளே இருக்கிறவர் நமக்கு வேண்டப்பட்டவர் என்று தோன்றும். அதற்கு முன்னால் தோன்றாது.

அப்பர் கையில் உழவாரப்படை. அதே அப்பர்தான் திருவாரூரில், ஒரு பெண் முதலில் அவன் பெயரைக் கேட்டு, பிறகு அவன் இருக்கும் வண்ணம் கேட்டு, அவன் ஊரைக் கேட்டு, கடைசியில் தன்னையே மறந்து, தன் பெயரும் கெட்டு அவன் தாள் சேர்ந்ததைப் பாடினார். அந்தத் தாண்டகத்தைப் பாடினவருக்கும் புல் செதுக்கினவருக்கும் ஒரே கைதான். உணர்ச்சி வரட்டும், பிறகு இறங்கலாம் என்று காத்திருந்தால் நான் இன்னும் வீட்டில்தான் இருப்பேன்.

மைப்படி

உழவாரம் சொன்னது எனக்கு நன்றாகப் பிடிபடுகிறது. அதையொட்டி ஒரு கல்வெட்டுச் செய்தி சொல்கிறேன்.

தஞ்சைப் பெரிய கோயிலில் தேவாரத் திருப்பதியம் பாட ராஜராஜன் பிடாரர் எனப்பட்ட 48 ஓதுவார்களை நியமித்தான். உடுக்கை வாசிக்க ஒருவர், கொட்டிமத்தளம் வாசிக்க ஒருவர், ஆக 50 பேர். ஆளுக்கு ஒரு நாளைக்கு முக்குறுணி நெல். ஒருவர் இறந்துபோனாலோ வேறு தேசம் போய்விட்டாலோ அவர் இடத்துக்கு அடுத்த உறவினர் வர வேண்டும், அந்த உறவினருக்குத் தகுதி இல்லையென்றால் தகுதியுள்ள வேறொருவர் வர வேண்டும் என்றும் ஏற்பாடு இருக்கிறது.

விளக்கு எரிக்கவும் இப்படித்தான். அணையாமல் எரியும் ஒரு நந்தா விளக்குக்கு 96 ஆடு. இடையரிடம் ஒப்படைப்பார்கள், அவர் நாள்தோறும் உழக்கு நெய் அளக்க வேண்டும். அந்த ஆடுகளுக்குக் கல்வெட்டில் "சாவா மூவாப் பேராடு" என்று பெயர். செத்ததற்கு ஈடாகக் குட்டிகளைச் சேர்த்துக்கொண்டே போவதால் மந்தை எப்போதும் 96தான்.

இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு ஒன்று தோன்றும். விளக்கு வைக்கக் கொடுத்தவருக்கு அந்த நாளில் உருக்கம் இருந்திருக்கலாம். ஆனால் அவர் தன் உருக்கத்தை நம்பவில்லை. தான் மறந்தாலும், செத்தாலும் எரியட்டும் என்று ஆட்டையும் ஆளையும் நெய்யையும் ஏற்பாடு செய்துவிட்டுப் போயிருக்கிறார். இழை தொடங்கியவர் பழக்கத்தைக் கீழே வைத்துப் பித்தை மேலே வைக்கிறார். அட்டவணை போட்டுச் செவ்வாய்க்கிழமை முருகனிடம் போகிறவரை அவ்வளவு லேசாகத் தள்ளிவிட முடியுமா?

கமலாலயக்கரை

மைப்படி, நான் யோசிக்காத பக்கம் இது. அட்டவணை என்று நான் எழுதியதில் அந்த மனிதர்கள் மேல் மரியாதைக் குறைவு தெரிந்திருந்தால் அது என் எண்ணமில்லை. ஆனாலும் 48 பேரில் ஒருவருக்காவது பாடும்போது தொண்டை அடைத்திருக்கும் என்று நம்புகிறேன். நெய்யும் திரியும் இருந்தாலும் நெருப்பை யாராவது வைக்க வேண்டுமே.

பதில் எங்கிருந்து வருகிறது என்று முன்னால் கேட்டீர்கள். சுந்தரர் வரலாற்றில் பதில் வராத கட்டம் ஒன்று உண்டு. திருவொற்றியூரில் சங்கிலியாரை மணக்கும்போது, பிரியமாட்டேன் என்று மகிழமரத்தடியில் சத்தியம் செய்தார். பிறகு ஆரூர் வசந்த விழா நினைவு வந்து ஊர் எல்லையைத் தாண்டினார். இரண்டு கண்ணும் போய்விட்டது. தடவிக்கொண்டே நடந்தார். திருவெண்பாக்கத்தில் நின்று, கோயிலுக்குள் இருக்கிறாயா என்று கேட்டார். "உளோம் போகீர்" என்று முன்பின் தெரியாத வழிப்போக்கனுக்குச் சொல்வதுபோலப் பதில் வந்தது. கண் கிடைக்கவில்லை, ஒரு ஊன்றுகோல் கிடைத்தது. (பூண்டி நீர்த்தேக்கம் கட்டும்போது அந்தப் பழைய கோயில் நீர்ப்பரப்புக்குள் போனது. இப்போது பூண்டியில் வேறு இடத்தில் இருக்கிறது.) காஞ்சியில் இடக்கண் வந்தது. ஒரு கண்ணோடு ஆரூர் வந்து, மற்றக் கண்ணைத் தராவிட்டால் நீரே நன்றாக வாழ்ந்து போம் என்று பாடினார். "வாழ்ந்து போதீரே." நம் ஊரில் மனசு வெறுத்துப்போனவர்கள் இன்றைக்கும் இப்படித்தான் சொல்கிறார்கள்.

கண் போய், கோலை ஊன்றிக்கொண்டு நடந்தபோதும் அவர் ஆரூரை நோக்கியே நடந்தார். எனக்கு அங்கேதான் அந்த உறவு தெரிகிறது. கண் வந்தது அதற்கு அப்புறம்.

ராஜி_கும்பகோணம்

இவ்வளவு நேரம் படித்துவிட்டு ஒன்று கேட்காமல் இருக்க முடியவில்லை. இந்தக் கதையில் சங்கிலிக்கு என்ன ஆனது? சத்தியம் செய்து கொடுத்தவர் விட்டுவிட்டுப் போனார், அது அவருக்கும் சிவனுக்கும் இடையில் உள்ள விவகாரமாகிவிட்டது. திருவாரூரில் இருந்த முதல் மனைவி பரவை கதவைச் சாத்தினாள். அவள் கோபம் நியாயமா என்று யாரும் கேட்கவில்லை, சமாதானம் பண்ண ஆள் அனுப்பினார்கள்.

கதையை விடுங்கள். கடவுள் மேல் தீவிரமான ஈடுபாடு உள்ள ஒருவரோடு குடும்பம் நடத்துவது என்ன என்று எனக்குத் தெரியும். விடுமுறை வந்தால் தலம் தலமாகப் போவார். வீட்டில் குழந்தைக்குக் காய்ச்சல், மாமியாருக்கு மருந்து, ரேஷன் கடை, எல்லாம் என் பாடு. ஊரில் அவரைச் சிவப்பழம் என்கிறார்கள். அவருடைய பித்துக்கு வேண்டிய நேரம் என் கணக்கிலிருந்துதான் எடுக்கப்படுகிறது. புறா வளர்க்கிறவர் வீட்டிலும் விடியற்காலையில் கூண்டு கழுவுகிறது யார் என்று விசாரித்துப் பாருங்கள்.

எனக்கும் கடவுள் மேல் ஆசை உண்டு. ராத்திரி எல்லாரும் படுத்த பிறகு அடுப்பு மேடையைத் துடைத்துக்கொண்டே பேசுவேன். அதை யாரும் பக்தி என்று சொன்னதில்லை.

வடபத்ரம்

ராஜி, நீ எழுதினதைப் படித்துவிட்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன். எங்கள் காலத்திலும் இதேதான். கோஷ்டியில் முன்னால் நின்று சேவிக்கிறவர்களுக்கு வீட்டில் தளிகை தானாக ஆகிவிடும் என்ற நினைப்பு. அடுப்பு மேடையில் நீ பேசுவதுதான் பேச்சு. யாரும் பெயர் வைக்க வேண்டாம்.

கமலாலயக்கரை

ராஜி அம்மா, உங்கள் கேள்வியைச் சேக்கிழார் காலத்துக்கு முன்பே ஒருவர் கேட்டிருக்கிறார். ஏயர்கோன் கலிக்காம நாயனார். பெண்ணிடம் தூது போகக் கடவுளையே ஒருவன் அனுப்பினானா என்று கொதித்தார். அவருக்குச் சூலை நோய் வந்தது. சுந்தரர் வந்தால் தீரும் என்று சிவனே சொன்னபோது, அவன் கையால் தீர்வதைவிடச் சாவதே மேல் என்று வயிற்றைக் கிழித்துக்கொண்டார். சுந்தரர் வந்து பார்த்துத் தானும் சாகத் துணிந்தபோது கலிக்காமர் உயிர்த்தெழுந்து கையைப் பிடித்துத் தடுத்தார். பிறகு இருவரும் நண்பர்கள். தூது அனுப்பியவரும் அதை மன்னிக்க முடியாதவரும் அறுபத்துமூவர் வரிசையில் சேர்ந்தே நிற்கிறார்கள்.

ஆனாலும் நீங்கள் கேட்டது வேறு என்று தெரிகிறது. கலிக்காமர் கோபப்பட்டது கடவுளின் மரியாதைக்காக. பரவைக்காகவும் சங்கிலிக்காகவும் அந்த வரிசையில் ஒருவரும் கோபப்படவில்லை. அந்த இடம் இன்னும் காலியாகத்தான் இருக்கிறது. இதற்கு என்னிடம் பதில் இல்லை. தன் பித்தின் செலவை வீட்டில் இன்னொருவர் தலையில் கட்டுகிறவர், தான் கடவுளுக்குக் கொடுப்பதாக நினைத்துக்கொண்டிருப்பது அந்த இன்னொருவரின் நேரத்தைத்தான் என்பதை மட்டும் ஒப்புக்கொள்கிறேன்.

பாளை_மேரி

ராஜி அக்கா எழுதினது எனக்கும் தைத்தது. ஊழியம், ஊழியம் என்று ஓடுகிற வீடுகளை எங்கள் பக்கத்திலும் நிறையப் பார்த்திருக்கிறேன். இயேசு வீட்டுக்கு வந்தபோது அவர் பக்கத்தில் உட்காராமல் வேலையிலேயே இருந்தாள் என்று மார்த்தாளைக் குறை சொல்லியே பிரசங்கம் கேட்டு வளர்ந்தோம். மார்த்தாள் சமைக்காவிட்டால் அன்றைக்குச் சாப்பாடு யார் போட்டிருப்பார் என்று என் அம்மா கேட்பார். யோவான் சுவிசேஷத்தில் லாசரு செத்தபோது இயேசுவை எதிர்கொண்டு போய், "நீர் இங்கே இருந்தீரானால் என் சகோதரன் மரிக்கமாட்டான்" என்று நேருக்கு நேர் முதலில் சொன்னவள் அந்த மார்த்தாள்தான். இழை தொடங்கியவர் தேடுகிற உரிமை அவளிடம் இருந்திருக்கிறது.

அனல் குறைவதைப் பற்றி இன்னொன்று. கொல்கத்தா அன்னை தெரசாவின் கடிதங்கள் 2007இல் வெளியானபோது பலருக்கு அதிர்ச்சி. பல பத்தாண்டுகள் உள்ளுக்குள் தேவனுடைய சமீபத்தையே உணரவில்லை என்று எழுதியிருந்தார். விசுவாசம் இல்லாதவர் என்று சிலர் சொன்னார்கள். எனக்கு நேர்மாறாகத் தோன்றியது. ஒன்றுமே உணராமல் தினமும் விடியற்காலையில் முழங்காலில் நின்று, பிறகு தெருவில் கிடந்தவர்களைத் தூக்கிக்கொண்டு வந்தவரிடம் இல்லாத அன்பு, கன்வென்ஷனில் அழுத எங்களிடம் இருந்ததா?

உழவாரம்

மேரி அவர்கள் சொன்ன அதே வறட்சி மாணிக்கவாசகரிடமும் உண்டு. திருப்பெருந்துறையில் குருவாக வந்து ஆட்கொண்டவர் மறைந்த பிறகு பாடியதில் நீத்தல் விண்ணப்பம் என்ற பகுதி முழுக்க ஒரே கெஞ்சல்தான், என்னை விட்டுவிடாதே என்று. பாண்டியனிடம் மந்திரியாக இருந்தவர். குதிரை வாங்கக் கொடுத்த பணத்தைக் கோயிலுக்குச் செலவழித்தவர். அவரே கைவிடப்பட்டதாக உணர்ந்திருக்கிறார் என்றால், மாதம் ஒரு நாள் புல் வெட்டுகிற எனக்கு ஒன்றும் தோன்றாமல் போவதில் ஆச்சரியம் இல்லை.

மட்டுறுத்துநர்

அடுத்தவர் மதத்தை இழிவுபடுத்திய இரண்டு பதிவுகளை நீக்கியிருக்கிறேன். மற்றபடி இழை நன்றாகப் போகிறது, தொடருங்கள்.

வேம்படி_யாழ்

நான் வாசிக்கிறவள், எழுதுறது குறைவு. "வாழ்ந்து போதீரே" எண்ட வரியைப் பார்த்தாப்போல எழுதாமல் இருக்க முடியேல்ல.

எங்கட அம்மா யாழ்ப்பாணத்தில இருக்கிறா. அண்ணா 2009 மே மாதத்துக்குப் பிறகு இல்லை. எங்க எண்டு இண்டைக்கும் தெரியாது. 2017 பெப்ரவரியில கிளிநொச்சிக் கந்தசுவாமி கோயிலுக்கு முன்னால தாய்மார் தொடங்கின போராட்டப் பந்தலில அம்மாவும் போய் இருந்தவ. நல்லூர் பக்கம் போனால் உள்ள போகமாட்டா. வெளிவாசலில நிண்டு முருகனோட கதைப்பா. கும்பிடுறது இல்லை, பேசுறது. "கையில வேலை வச்சுக்கொண்டு என்ன செய்தனீ? எல்லாரும் உன்னட்டத்தானே ஒப்படைச்சவை" எண்டு. சனம் பார்க்கும். நான் கையைப் பிடிச்சு இழுத்துக்கொண்டு போவன். எனக்கு வெக்கமா இருக்கும்.

நான் கும்பிடுறதை எப்பவோ விட்டிட்டன். கேட்டுப் பதில் வராத இடத்தில திருப்பித் திருப்பிப் போய் நிக்கிற சக்தி எனக்கு இல்லை. அம்மாவுக்கு இருக்குது. இதுக்குப் பேர் பக்தியோ, உறவோ, இல்லாட்டித் துக்கம் மட்டுந்தானோ எண்டு எனக்குத் தெரியேல்ல. மைப்படி அண்ணா கேட்ட கேள்விதான் என்ர கேள்வியும். ஆனால் அம்மாவிட்ட அதைக் கேட்க ஏலாது.

நாகூர்க்காற்று

சகோதரி, உங்கள் தாயாருக்கு என் சலாம். கோபத்தைப் பற்றி மேலே நான் எழுதியது அவரைப் பற்றியது அல்ல. மகனைத் தொலைத்தவரின் முறையீட்டுக்கு அதபு பார்க்க எனக்குத் தகுதி இல்லை. யஃகூபு நபியைப் பற்றி எழுதும்போது என் மனசில் கதையாக இருந்தது, நீங்கள் எழுதிய பிறகு அப்படி இல்லை. துஆ செய்கிறேன்.

மைப்படி

தங்கச்சி, நம்பிக்கை இல்லாதவன் என்ற முறையில் சொல்கிறேன். அம்மாவை இழுத்துக்கொண்டு போகாதீர்கள். அவர் பேசி முடிக்கும்வரை பக்கத்தில் நில்லுங்கள். பதில் சொல்ல வேண்டியவர்கள் எல்லாரும், அரசாங்கங்கள் உட்பட, அவரிடமிருந்து முகத்தைத் திருப்பிக்கொண்டுவிட்டார்கள். முகத்தைத் திருப்பாமல் நிற்கிற ஒரு இடம் அவருக்கு இருக்கிறது. அங்கே யாராவது இருக்கிறார்களா இல்லையா என்ற விவாதத்தை நான் வேறு யாரோடாவது வைத்துக்கொள்கிறேன்.

ராஜி_கும்பகோணம்

அம்மா பேசுவது துக்கம் மட்டும் இல்லை, அம்மாடி. துக்கம் மட்டும் என்றால் வீட்டிலேயே அழுதிருப்பார். வாசல் வரைக்கும் போகிறாரே.

வேம்படி_யாழ்

எல்லாருக்கும் நன்றி. நேற்று ராத்திரி அம்மாவோட போனில கதைக்கேக்க சுந்தரர் கண் போன கதையைச் சொன்னன். அம்மாவுக்குத் தெரிஞ்ச கதைதான், சின்னனில புராணபடனத்தில கேட்டவவாம். ஆனால் அந்தப் பதிகம் நினைவில்லை எண்டா. முதல் பாட்டை இணையத்தில எடுத்து வாசிச்சுக் காட்டினன். "மூளாத் தீப்போல் உள்ளே கனன்று முகத்தால் மிக வாடி" எண்ட வரி வந்த உடன, திருப்பி வாசி எண்டா. பிறகு, இதைப் பாடுறதுக்கு ஒரு முறை இருக்குமே, அது என்ன பண் எண்டு கேட்டா. எனக்குத் தெரியாது. ஆருக்கும் தெரியுமோ?

கமலாலயக்கரை

பண் செந்துருத்தி. தேவாரம் முழுவதிலும் இந்தப் பண்ணில் அமைந்த பதிகம் இது ஒன்றுதான், வேறு கிடையாது. இப்போது ஓதுவார்கள் மத்யமாவதி ராகத்தில் பாடுகிறார்கள், அம்மாவுக்குக் காதில் பழகின ராகமாகத்தான் இருக்கும். வேகமாகப் பாடக் கூடாது. "வாழ்ந்து போதீரே" வரும் இடத்தில் குரலை உயர்த்த வேண்டியதில்லை, சொல்லே போதும். எனக்குத் தெரிந்த ஓதுவார் ஒருவரிடம் முழுப் பதிகத்தையும் பாடிக் கேட்டுப் பதிவு செய்து அனுப்புகிறேன். பாட்டைப் பெரிய எழுத்தில் தட்டச்சு செய்தும் தருகிறேன், அச்செடுத்து அம்மாவிடம் கொடுக்கலாம். தனிமடலில் முகவரி அனுப்புங்கள்.